ஜாதகத்தை நாலு குரூப்பில் போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

மே 11, 2025, கேட்டவர் எழுதியது

"அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறோம். பயோடேட்டா, ஜாதகம், போட்டோ எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக்கி, எங்கள் ஆட்கள் இருக்கிற வரன் வாட்ஸப் குரூப், ஃபேஸ்புக் பக்கம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் மாமா போட்டுவிட்டார். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை, அவரோடு முகம் கொடுத்தே பேசுவதில்லை. மாமாவோ 'இதில் என்ன ரகசியம் இருக்கிறது, ஊருக்கே தெரிந்ததுதானே' என்கிறார். யார் சொல்வது சரி?"

மே 11, இரவு

பெண் சொல்வதுதான் சரி. ஆனால் மாமா சொல்வதும் பொய் இல்லை. அதனால்தான் அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வரன் பயோடேட்டா டைப் அடித்துக் கொடுப்பதும் என் பிழைப்பில் ஒரு பகுதி. அதில் என்னவெல்லாம் வரும் என்று மாமாவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுப்பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர், குலதெய்வம், படித்த கல்லூரி, வேலை செய்கிற கம்பெனி, சம்பளம், சொந்த வீடா வாடகையா, நிலம் எத்தனை ஏக்கர், எத்தனை பவுன் போடுவார்கள், கூடப் பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், வீட்டு விலாசம், இரண்டு போன் நம்பர். ஒவ்வொன்றும் ஊரில் யாருக்காவது தெரிந்ததுதான். ஆனால் எல்லாமும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்காது. பால்காரருக்கு வீடு தெரியும், சம்பளம் தெரியாது. ஆபீஸில் சம்பளம் தெரியும், குலதெய்வம் தெரியாது. மாமா மெனக்கெட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார், கூலி கூட வாங்காமல்.

இன்னொன்று. இணையத்தில் இறக்கிய ஆதார் பிடிஎஃப்பைத் திறக்க என்ன பாஸ்வேர்டு? பெயரின் முதல் நாலு எழுத்து, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தாக. அதோடு பிறந்த வருஷம். பல வங்கிகள் அனுப்புகிற ஸ்டேட்மென்ட்டும் இதே வகைதான், பெயரில் நாலு எழுத்து, பிறந்த தேதியும் மாதமும். பயோடேட்டாவின் முதல் இரண்டு வரி போதும்.

மே 12, காலை

ஒருவர் கேட்கிறார்: "பாஸ்வேர்டு தெரிந்தால் என்ன, பிடிஎஃப் கையில் இருந்தால்தானே?"

நியாயமான கேள்வி. பிடிஎஃப் எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன். என் கடை கம்ப்யூட்டரில் இருக்கிறது. என்னைப் போல ஊர் ஊருக்கு இருக்கிற கடைகளில் இருக்கிறது. பிரிண்ட் எடுக்க வருகிறவர் கடை நம்பருக்கு வாட்ஸப்பில் ஃபைலை அனுப்புவார், கூடவே கீழே பாஸ்வேர்டையும் அடித்து அனுப்புவார், நான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன், அவர் அஞ்சு ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஃபைல் போகாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். நான் ராத்திரி ஷட்டர் இறக்கும் முன் அழித்துவிடுவேன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது.

சிலர் தங்கள் வாட்ஸப்பையே என் கம்ப்யூட்டரில் திறந்து, பிரிண்ட் எடுத்துவிட்டு, வெளியேறாமல் போய்விடுவார்கள். அடுத்த ஆள் பட்டா நகல் எடுக்க வந்து நிற்கும்போது திரையில் முந்தின ஆளின் மச்சினி அனுப்பிய குட் மார்னிங் வந்து விழும்.

மே 12, மாலை

பேப்பர் விஷயம் தனி. சரியாக விழாத ஆதார் ஜெராக்ஸைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். அது பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து வடைக் கடைக்குப் போகும். யாரோ ஒருவரின் வங்கி ஸ்டேட்மென்ட்டில் மடித்துக் கொடுத்த பஜ்ஜியை நானே தின்றிருக்கிறேன். மினிமம் பேலன்ஸ் பிடித்தம் நிறைய. பாவம்.

இது இணையம் இல்லை, தெரியும். சொல்லத் தோன்றியது.

மே 12, இரவு

மாமாவுக்குச் சொல்ல ஒரு கதை. நடந்த கதை, அமெரிக்காவில்.

1990களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ச்சிக்காக வெளியிட்டார்கள். பெயர், விலாசம் எல்லாம் எடுத்தாகிவிட்டது, யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்றார்கள். ஆனால் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு மூன்றும் அதில் அப்படியே இருந்தன. அப்போது அங்கே கவர்னர் வில்லியம் வெல்ட். லதான்யா ஸ்வீனி என்ற மாணவி என்ன செய்தார் என்றால், கவர்னர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். அதில் பெயர், விலாசம், பிறந்த தேதி, ஆணா பெண்ணா எல்லாம் இருந்தது. கவர்னர் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்த ஊரில் 6 பேர். அதில் ஆண்கள் 3 பேர். கவர்னரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். முடிந்தது. கவர்னருக்கு என்ன வியாதி, என்ன மருந்து என்று கையில் வந்துவிட்டது.

அப்புறம் 2000ல் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு இந்த மூன்றும் தெரிந்தால் அமெரிக்காவில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் கண்டுவிடலாம்.

அந்த மூன்றில் எதுவும் ரகசியம் இல்லை, பாருங்கள். மாமாவின் வாதம் சரியாக அந்த இடத்தில்தான் உடைகிறது.

மே 13

நேற்று எழுதிய 87க்கு ஒரு நண்பர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். 2006ல் பிலிப் கோல் என்பவர் 2000ம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் திரும்பக் கணக்கிட்டபோது 63 சதவீதம்தான் வந்ததாம். சரி, ஏற்றுக்கொள்கிறேன். நூற்றுக்கு 63 பேர் என்றாலும் என் வயிறு குளிரவில்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார், நம் ஊர் பின்கோடு அப்படி நறுக்கென்று இருக்காதே, ஒரு பின்கோடுக்குள் எத்தனையோ கிராமம் இருக்குமே என்று. உண்மை. நம் ஊரில் அந்த மூன்றை மட்டும் வைத்து அவ்வளவு சுலபமாக ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால் அமெரிக்காவில் யாரும் பிறந்த நேரத்தை நிமிஷம் வரைக்கும் போட்டுச் சுற்றுக்கு விடுவதில்லையே. நம் இனிஷியலே அப்பா பெயரில் பாதி. வாக்காளர் பட்டியல் தேர்தல் துறையின் தளத்திலேயே பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது, கதவு எண், அப்பா அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் அதில் உண்டு. பட்டியல் பொதுவில் இருக்கத்தான் வேண்டும், கள்ள ஓட்டைப் பிடிக்க அதுதான் வழி, அதைக் குறை சொல்லவில்லை. அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு தாளை நாமே கொடுக்கிறோம், அதைத்தான் சொல்கிறேன்.

போன் நம்பரும் அப்படித்தான். ஏதாவது ஒரு யுபிஐ செயலியில் அந்த நம்பரைத் தட்டினால் வங்கியில் இருக்கிற பெயர் வந்து நிற்கும். காசு அனுப்பவே வேண்டாம்.

மே 14

"பாஸ்வேர்டு மறந்தால் கேட்கிற பாதுகாப்புக் கேள்விக்கு அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைக் கேட்கிறான், எங்கள் அம்மாவுக்கு இனிஷியல்தான் மாறியது, நான் என்ன போடுவது" என்று ஒருவர். சிரித்துவிட்டேன். அந்தக் கேள்விகளை எழுதியவர்களுக்கு நம் வீட்டு விவகாரம் தெரியாது. ஆனால் படித்த முதல் பள்ளி, பிறந்த ஊர், செல்லப்பெயர் இதெல்லாம் கேட்பான், அதெல்லாம் நம்முடைய முகநூல் பக்கத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழேயே கிடைக்கும். அத்தை ஒருத்தி போதும், "எங்க வீட்டு அம்முக்குட்டிக்கு" என்று ஆரம்பித்துவிடுவார்.

2008ல் அமெரிக்கத் துணை அதிபர் தேர்தலில் நின்ற சாரா பேலினின் யாஹூ மெயிலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் இப்படித்தான் நுழைந்தான். கஷ்டமான ஹேக்கிங் எதுவும் இல்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டது. தேடிப் பார்த்துப் போட்டான். அவர்கள் சந்தித்தது உயர்நிலைப் பள்ளியில். திறந்துகொண்டது. அவன் ஜெயிலுக்குப் போனான், அது வேறு.

கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதல் பள்ளி எது என்றால் "கத்திரிக்காய்" என்று போடுங்கள். ஞாபகம் இருந்தால் சரி.

மே 16, மதியம்

இன்று பத்தாம் வகுப்பு ரிசல்ட். கடையில் நிற்க இடமில்லை, அதனால் சுருக்கமாக.

பையனின் ஹால் டிக்கெட்டைப் போட்டோ எடுத்து "வாழ்த்துங்கள் சொந்தங்களே" என்று ஸ்டேட்டஸ் வைத்த அப்பாவுக்கு: ரிசல்ட் பார்க்கத் தேவை பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான், இரண்டும் நீங்கள் போட்ட படத்தில் இருக்கின்றன. உங்கள் சகலை உங்களுக்கு முன்னாடியே மார்க் பார்த்துவிட்டார். என்னிடம்தான் பிரிண்ட் எடுத்தார்.

மே 16, இரவு

மதியம் எழுதியதை விளையாட்டாக எடுத்துக்கொண்டீர்கள், சரி. விளையாட்டு இல்லாத பக்கமும் உண்டு. மார்க் குறைந்த பிள்ளைக்கு, அப்பா அம்மாவிடம் சொல்லத் தைரியம் வர இரண்டு மணி நேரமாவது வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். இன்று ஒரு பையன் கடை ஓரத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான், குடும்பக் குரூப்பில் அவன் மார்க் அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. யாரோ ஒரு சித்தப்பா "பரவாயில்லடா" என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷர்தான். இருந்தாலும்.

கொரோனா நேரத்தில் தடுப்பூசிச் சான்றிதழை எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 2021 மே மாதம் உள்துறை அமைச்சகத்தின் சைபர் பாதுகாப்புப் பக்கமே, பெயரும் மற்ற விவரங்களும் அதில் இருக்கின்றன, மோசடிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், போடாதீர்கள் என்று சொன்னது. யார் கேட்டார்கள்? அன்று ஊசி போட்டதே ஒரு சாதனைதானே.

மே 18

போட்டோவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். 2012 டிசம்பரில், மென்பொருள் கம்பெனி நடத்திப் பெரும் பணக்காரரான ஜான் மெக்கஃபி, பெலீஸ் நாட்டுப் போலீசிடமிருந்து ஒளிந்து திரிந்தபோது, கூடப் போன பத்திரிகைக்காரர்கள் அவரோடு எடுத்த படத்தைப் பெருமையாக வெளியிட்டார்கள். படத்துக்குள் இடம் இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளியே வந்துவிட்டது.

முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் எல்லாம் இப்போது அந்தத் தகவலை நீக்கிவிட்டுத்தான் படத்தைக் காட்டுகின்றன. அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

மே 18, சற்று கழித்து

மேலே சொன்னதில் ஒரு ஒட்டு. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் நீங்கும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், இடமும் கூடவே போகும். வரன் போட்டோவை எல்லாரும் டாக்குமென்ட்டாகத்தான் அனுப்புகிறார்கள், முகம் தெளிவாக வர வேண்டுமே.

இடம் பதியாவிட்டாலும் படத்துக்குள் இருப்பதை என்ன செய்வது? 2019ல் டோக்கியோவில் ஒரு இளம் பாடகியை ஒருவன் வீடு வரை போய்த் தாக்கினான். வீட்டை எப்படிக் கண்டுபிடித்தான் தெரியுமா? அவள் போட்ட செல்ஃபியில் கண்ணின் கருவிழியில் ரயில் நிலையம் பிரதிபலித்திருக்கிறது. அதைப் பெரிதாக்கி, கூகுள் தெருப்படத்தில் ஒப்பிட்டு நிலையத்தைக் கண்டுபிடித்து, அங்கே காத்திருந்து பின்தொடர்ந்திருக்கிறான். போலீசிடம் அவனே சொன்னது.

இதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு செல்ஃபி எடுக்க வேண்டாம். ஆனால் புது வீட்டுப் பால்காய்ச்சுப் பத்திரிகையில் கூகுள் மேப்புக்கான க்யூஆர் போட்டு, வாசலில் நின்று எடுத்த படமும் போட்டு, அடுத்த மாதம் "பத்து நாள் காசி யாத்திரை கிளம்பியாச்சு" என்று ரயில் பெட்டியிலிருந்து குடும்பமாகக் கையசைப்பதற்குக் கருவிழி ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. ஊருக்குப் போனால் பக்கத்து ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் சொல்கிறது. நாம் ஸ்டேஷனைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்கிறோம். காசிப் படங்களைத் திரும்பி வந்து போட்டால் கங்கை வற்றிவிடாது.

விமான போர்டிங் பாஸ் போடுகிறவர்களுக்கும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020ல் தன் போர்டிங் பாஸை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்து ஒரு இளைஞர் விமான நிறுவனத் தளத்தில் நுழைந்து, பக்கத்தின் உள்ளே மறைந்திருந்த பாஸ்போர்ட் எண்ணையும் போன் எண்ணையும் பார்த்துவிட்டார். கெட்டவர் இல்லை, அரசாங்கத்துக்கே சொல்லிவிட்டார். கடைசியில் அபாட்டே அவரைப் போனில் கூப்பிட்டு, இந்தக் கம்ப்யூட்டர் சமாசாரத்தைப் படிக்க ஏதாவது புத்தகம் உண்டா என்று கேட்டாராம். அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

மே 20

"இப்படியே போனால் எதையுமே போடக் கூடாது, குகைக்குள் போய் உட்கார வேண்டியதுதான்" என்று கோபமாக ஒருவர். அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். என் மேலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம். முகம் தெரியாத ஆட்கள் தங்கள் போன் நம்பரையும் விலாசத்தையும் ட்விட்டரில் போட்டு "இங்கே பத்து பேர் தங்கலாம், சாப்பாடு உண்டு" என்றார்கள். படகு யாரிடம் இருக்கிறது, எந்தத் தெருவில் கர்ப்பிணிப் பெண் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொதுவில் போட்டதால்தான் உதவி போய்ச் சேர்ந்தது. என் மச்சான் முடிச்சூர் பக்கம் மொட்டை மாடியில் இருந்தான், அவன் விலாசத்தை எங்கெல்லாமோ போட்டது நான்தான். அன்றைக்கு யாராவது வந்து "விலாசத்தைப் பொதுவில் போடாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் நல்ல வார்த்தை வாங்கியிருக்க மாட்டார்.

ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் அந்தப் பதிவுகள் இருந்தன. மச்சான் நம்பருக்கு அடுத்த கோடை வரைக்கும் போர்வை வேண்டுமா, பிஸ்கட் வேண்டுமா என்று அழைப்பு வந்தது. பொங்கலுக்கு ஒருவர் அரிசி கூட அனுப்புவதாகச் சொன்னாராம். 2021ல் இரண்டாம் அலையில் இன்னும் மோசம். ஆக்சிஜன், பிளாஸ்மா கேட்டு நம்பர் போட்ட பெண்களுக்கு வந்த அழைப்புகளில் பல உதவிக்கு இல்லை. ஆபாசப் படம் அனுப்பியவர்கள் கூட உண்டு, அப்போதே செய்தியில் வந்தது.

அதனால் நான் இதுவரை எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். போடலாமா வேண்டாமா என்பதைவிட, எத்தனை நாளைக்குப் போடுகிறோம் என்று கேட்பது எனக்கு உபயோகமாகப் படுகிறது. ரத்தம் வேண்டும் என்று நம்பர் போட்டால், ரத்தம் கிடைத்ததும் எடுங்கள். குரூப்பில் மற்றவர்கள் பரப்பியது போகாது, தெரியும், ஆனால் நாம் போட்ட இடத்திலாவது எடுக்கலாம். வரன் பயோடேட்டா அதற்கு நேர் எதிர். கல்யாணம் முடிந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் சுற்றும். "பெண்ணுக்கு இன்னும் பார்க்கிறீர்களா" என்று போன் வந்து, எடுத்தவர் புருஷன் என்ற கதையெல்லாம் கடையில் கேட்டிருக்கிறேன்.

மே 21

ஆதார் நம்பரைப் போடலாமா என்ற கேள்விக்கு ஆர்.எஸ். சர்மா கதையே போதும். ஆதார் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநர், அப்புறம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவர். 2018 ஜூலையில் தன் 12 இலக்க ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, இதை வைத்து எனக்கு என்ன கெடுதல் செய்ய முடியும், செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் செல் நம்பர், விலாசம், பிறந்த தேதி, பான் எண், வாட்ஸப் படம் என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒரு ரூபாய் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட்டும் போட்டார்கள். இதில் எதுவும் கெடுதல் இல்லை என்று சர்மா கடைசி வரை சொன்னார். ஆதார் ஆணையம் என்ன சொன்னது என்பதுதான் எனக்கு முக்கியம்: எங்கள் சர்வரிலிருந்து எதுவும் போகவில்லை, அவர் நீண்ட காலம் அரசுப் பணியில் இருந்தவர், இதெல்லாம் கூகுளில் ஏற்கெனவே கிடைப்பவை.

அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்!

அப்புறம் அதே ஆணையம், ஆதார் எண்ணை யாரும் இப்படிப் பொதுவில் போடாதீர்கள் என்று மக்களுக்கும் சொன்னது.

மே 23

வக்கீல் குமாஸ்தா ஒருவர் கடைக்கு வருவார், அவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூன்றாவது பிரிவை எடுத்துக் காட்டினார். ஒருவர் தன் விவரங்களைத் தானே பொதுவில் வெளியிட்டிருந்தால் அந்த விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உதாரணம் கூடச் சட்டத்திலேயே கொடுத்திருக்கிறார்கள், வலைப்பதிவு எழுதுகிற பெண் தன் விவரங்களைச் சமூக ஊடகத்தில் தானே பொதுவில் போட்டிருந்தால் என்று.

அப்படியானால் மாமா போட்டது? பெண் தானாகப் போடவில்லையே. குமாஸ்தா தலையைச் சொறிந்தார். மாமா மேல் கேஸ் போடுவதாக இருந்தால் முதலில் கல்யாணத்தை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், மொய் எழுத ஆள் வேண்டும் என்றார்.

மே 25

கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மாமா கொஞ்சம் இறங்கி வந்துவிட்டாராம். "சரி, பிறந்த தேதியை எடுத்துவிடுகிறேன், ராசிக்கட்டமும் நவாம்சமும் மட்டும் போடுகிறேன், பொருத்தம் பார்க்க அது போதும்" என்கிறாராம். நல்ல யோசனை என்று பதில் எழுதப் போனேன். அதற்குள் பக்கத்துக் கடை ஜோசியர் டீ குடிக்க வந்தார், அவரிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

கட்டத்தைப் பார்த்தே தேதியைச் சொல்லிவிடலாமாம். யோசித்தால் சரிதான். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருஷம், குரு சுமார் ஒரு வருஷம். இரண்டும் சேர்ந்து இதே இடத்துக்குத் திரும்ப ஏறக்குறைய அறுபது வருஷம் ஆகும், வரன் பார்க்கிற பெண்ணுக்கு அறுபது கூட்ட முடியாதே, அதனால் வருஷம் வந்துவிடும். சூரியன் நிற்கிற ராசி தமிழ் மாதத்தைக் காட்டும். சந்திரன் ஒரு ராசியில் இரண்டே கால் நாள், நட்சத்திரமும் போட்டிருந்தால் ஏறக்குறைய ஒரு நாள். லக்னம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். போதாக்குறைக்குக் கீழே "கர்ப்பச்செல் நீக்கி இருப்பு திசை" என்று, பிறக்கும்போது நடந்த திசையில் மிச்சம் எவ்வளவு என்பதை வருஷம், மாதம், நாளாக எழுதியிருப்பார்களே, அதிலிருந்து நேரத்தை இன்னும் நெருங்கலாம். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்த டீ ஆறுவதற்குள் தேதியைச் சொன்னார். இப்போது அதற்கு மென்பொருளும் உண்டு.

ஆக, கட்டம் போட்டாலே தேதி போட்ட மாதிரிதான். லதான்யா ஸ்வீனி நம் ஊரில் பிறந்திருந்தால் வாக்காளர் பட்டியலுக்கு 20 டாலர் செலவழித்திருக்க வேண்டாம்.

மே 25, இரவு

அப்படியென்றால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நான் டைப் அடிக்கிற பயோடேட்டாவை இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டேன். குரூப்பில் போடுவதற்கு ஒன்று: பெயரில் முதல் எழுத்து, வயது, படிப்பு, என்ன மாதிரி வேலை, மாவட்டம், ராசி, நட்சத்திரம், பேச ஒரு நம்பர். நட்சத்திரப் பொருத்தத்துக்கு ராசியும் நட்சத்திரமும் போதும், முதல் வடிகட்டலுக்கு அதற்கு மேல் யாருக்கும் வேண்டியதில்லை. கட்டம், போட்டோ, கம்பெனி பெயர், விலாசம் எல்லாம் இரண்டாவது தாளில். நம்பரில் கூப்பிட்டுப் பேசி, அந்தக் குடும்பம் யார் என்று தெரிந்த பிறகு, அவர்களுக்கு மட்டும். நம்பரும் பெண்ணுடையதாக இருக்க வேண்டாம், வங்கிக் கணக்கோடு சேர்ந்த நம்பராகவும் இருக்க வேண்டாம். பழைய போனில் ஒரு சிம் போட்டு மாமா கையில் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் ஒரு பொறுப்பு இருந்த மாதிரி ஆகும்.

சம்பளமும் பவுனும் எந்தத் தாளிலும் வேண்டாம். இதற்கு எங்கள் ஊரில் கடும் எதிர்ப்பு. பவுன் போடாவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார் ஒரு அம்மா. கூப்பிடாதவர்கள் போகட்டும் என்றேன். அந்த அம்மா வேறு கடைக்குப் போய்விட்டார்.

மே 29

மண்டபம் பதிவு செய்ய ஆதார் நகல் கேட்கிறார்கள், முழு நம்பரும் கொடுக்கத்தான் வேண்டுமா என்று ஒருவர். மறைத்த ஆதார் என்று உண்டு, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும், ஆதார் தளத்திலேயே இறக்கும்போது அதற்கு ஒரு டிக் வரும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், மறைத்ததைக் கொடுங்கள் என்று அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில் மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று மேலிடம் அதை வாபஸ் வாங்கியது. ஆனால் அந்த வசதி இன்னும் இருக்கிறது. எங்கள் பக்கத்து மண்டப மேனேஜர் முதலில் "இது என்ன, டூப்ளிகேட்டா" என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 2

மறைத்த ஆதாரை எங்கே பிரிண்ட் எடுப்பது, ஜெராக்ஸ் கடையையே நம்பாதே என்கிறாயே என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதே என்று சொல்லவில்லை. ஃபைலை அனுப்புங்கள், பாஸ்வேர்டை அனுப்பாதீர்கள், நேரில் வந்து நீங்களே தட்டுங்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பிரிண்ட் வந்ததும் உங்கள் கண் முன்னால் டெலிட் செய்யச் சொல்லுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும். கோபித்துக்கொள்ள மாட்டேன். கலர் என்றால் பத்து ரூபாய், கறுப்பு வெள்ளை அஞ்சு.